ஆறு, பாலம், பல்: ஹுவாரெஸ் நகரத்துக்கு ஒரு நடை

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் எல் பாசோ என்று ஓர் ஊர். அதன் கடைவீதி தெற்கே போய் முடிகிற இடத்தில் ஒரு பாலம் ஆரம்பிக்கிறது. சில்லறைக் காசைச் சுங்கமாகக் கட்டிவிட்டு நடந்தால் சில நிமிடங்களில் மெக்ஸிகோ வந்துவிடும். அந்தப் பக்கம் போகிறவர்களை யாரும் பெரிதாக நிறுத்திக் கேட்பதில்லை. இந்தப் பக்கம் திரும்புகிறவர்களுக்குத்தான் வரிசை, பாஸ்போர்ட், கேள்விகள் எல்லாம்.

பாலத்துக்குக் கீழே ஓடுவது ரியோ கிராண்டே. ‘பெரிய ஆறு’ என்று அர்த்தம். மெக்ஸிகோக்காரர்கள் ரியோ பிராவோ என்பார்கள். பெயருக்கும் தோற்றத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டு பக்கமும் சிமென்ட் பூசிய சரிவு, நடுவில் வருடத்தின் பல மாதங்களில் ஒரு கோடு மாதிரி தண்ணீர். சென்னைக்காரர்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

பாலம் இறங்கும் இடம்தான் சியுடாட் ஹுவாரெஸ். சுமார் 15 லட்சம் பேர் வசிக்கும் பாலைவன நகரம். உலகச் செய்திகளில் இந்த ஊரின் பெயர் அடிபட்டதெல்லாம் போதைக் கும்பல்களின் சண்டைக்காகத்தான். 2010-ம் ஆண்டில் மட்டும் 3,000 பேருக்கு மேல் இங்கே கொல்லப்பட்டார்கள். ஆனால் இதே ஊரிலிருந்து இன்னொரு சரக்கும் உலகம் முழுக்கப் போகிறது. முப்பது, நாற்பது வயதில் பல்லை நேராக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் உறை. ‘கிளியர் அலைனர்’ என்று நம்மூர் பல் ஆஸ்பத்திரி போர்டுகளிலும் இப்போது எழுதியிருக்கிறார்களே, அதுதான். அதில் உலகிலேயே பிரபலமான ‘இன்விசலைன்’ பல வருடங்களாக உருவாகும் ஊர் ஹுவாரெஸ்.

பாலத்தைத் தாண்டியதும் வரும் ஹுவாரெஸ் அவென்யூவில் நடந்தால் மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, பல் டாக்டர், மறுபடி மருந்துக்கடை, மறுபடி பல் டாக்டர் என்று வரிசையாக வரும். நடுவே 1920-ல் திறந்த ‘கென்டக்கி கிளப்’ என்ற பழைய மதுக்கூடம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் தாகம் தீர்க்க வந்தவர்களுக்கானது. அன்று குடிக்கப் பாலம் கடந்தார்கள். இன்று பல்லுக்காகக் கடக்கிறார்கள். எல் பாசோவில் பல் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு ஒரு ரூட் கெனால் செலவே பயமுறுத்தும். அதனால் பாலம் தாண்டி வந்து பல் கட்டிக்கொள்கிறார்கள், க்ளிப் போட்டுக்கொள்கிறார்கள், மாதாமாதம் வந்து கம்பியை முறுக்கிக்கொண்டு போகிறார்கள். க்ளிப்புக்கு இங்கே ‘ஃப்ரேனோஸ்’ என்று பெயர். பிரேக் என்றும் அதே வார்த்தைதான். போர்டுகளில் ‘பிராக்கெட்ஸ்’ என்று ஆங்கிலத்தையும் கலந்து எழுதியிருப்பார்கள்.

விநோதம் என்னவென்றால், பல்லை நேராக்கும் உறை ஹுவாரெஸிலிருந்து வடக்கே போகிறது. பல்லை நேராக்க வேண்டியவர்கள் வடக்கிலிருந்து ஹுவாரெஸுக்கு வருகிறார்கள்.

லாகூர் வழியாக வந்த யோசனை

இந்த உறையின் பூர்வீகம் ஹுவாரெஸ் இல்லை. 1945-லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹெரால்ட் கெஸ்லிங் என்ற பல் டாக்டர், கம்பி கழற்றிய பிறகு பற்களை லேசாக ஒழுங்குபடுத்த ஒரு ரப்பர் அச்சைச் செய்தார். இதையே அடுத்தடுத்து பல அச்சுகளாகச் செய்து மாட்டினால் பெரிய நகர்வையும் செய்யலாம் என்று அவர் எழுதி வைத்தார். ஆனால் ஒவ்வொரு அச்சுக்கும் பல்லை மெழுகில் கையால் வெட்டி, நகர்த்தி, ஒட்ட வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். யோசனை ஐம்பது வருடம் தூங்கியது.

அதை எழுப்பியவர் பல் டாக்டர்கூட இல்லை. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்த ஸியா சிஷ்டி. லாகூரில் வளர்ந்தவர். வயது வந்த பிறகு க்ளிப் போட்டு, கழற்றி, பற்கள் மறுபடி நகராமலிருக்க ‘ரிடெய்னர்’ மாட்டிக்கொண்டிருந்தார். சில நாள் மாட்ட மறந்தால் பல் நகர்ந்துவிடுகிறது. திரும்ப மாட்டினால் பழைய இடத்துக்கே வருகிறது. அப்படியானால் பிளாஸ்டிக்கே பல்லைத் தள்ளுகிறதே! கெஸ்லிங் காலத்தில் மெழுகில் செய்ததைக் கம்ப்யூட்டரில் செய்தால் என்ன? கூடப் படித்த கெல்ஸி வர்த்துடன் சேர்ந்து 1997-ல் ‘அலைன் டெக்னாலஜி’யை ஆரம்பித்தார். 1998-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி கொடுத்தது.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தானாகச் செய்துவிடவில்லை. யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு பல்லையும் திரையில் தனியாகப் பிரித்து, எந்த வாரம் எந்தப் பல் எவ்வளவு நகர வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வேலைக்கு லாகூரில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்கர்களின் கோணல் பற்களை லாகூரில் நேராக்கினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த வேலை மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவுக்கு மாற்றப்பட்டது. லாகூர் அலுவலகம் மூடியது. பல்லுக்கும் உலக அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வேலை போன அந்த இளைஞர்கள் சொல்லியிருப்பார்கள்.

திரையில் பிரித்து அடுக்குவது கோஸ்டா ரிகாவில். உறையைச் செய்வது ஹுவாரெஸில். ஏன் ஹுவாரெஸ்? 1965 முதலே இங்கே ‘மகிலாடோரா’ என்ற ஏற்றுமதித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. கார்களுக்கான ஒயர்க்கட்டு முதல் டி.வி. வரை இங்கே பூட்டி எல்லைக்கு அப்பால் அனுப்புவார்கள். கூலி குறைவு, பாலம் பக்கம். அதில் பல் உறையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஒரே மாதிரி இரண்டு இல்லாத தொழிற்சாலை

மற்ற தொழிற்சாலைகளில் ஒரே பொருளை லட்சம் தடவை செய்வார்கள். இங்கே லட்சம் பொருளும் லட்சம் விதம். சென்னையிலோ சிகாகோவிலோ பல் டாக்டர் வாய்க்குள் சின்ன கேமராவை ஓட்டி எடுத்த படம், திட்டமாகி இங்கே வருகிறது. ஒருவருக்கு மேல்வரிசைக்கு 25, கீழ்வரிசைக்கு 25 என்று உறைகள் தேவைப்படலாம். சிலருக்கு இன்னும் அதிகம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் துளி வேறு.

முதலில் திரவப் பிசின் நிரம்பிய தொட்டியில் லேசர் ஒளி பட்டு, அடுக்கடுக்காக இறுகி, பல்வரிசையின் அச்சு எழும்பும். த்ரீ-டி பிரிண்டிங் என்பது இதுதான். பிறகு சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அந்த அச்சின் மேல் இழுத்துப் படிய வைப்பார்கள். அப்பளம் மாதிரி மெல்லிய தகடு. அதில் லேசரால் எண் பொறித்து, ஈறு ஓரத்தை வெட்டி, வழவழப்பாக்கி, சுத்தம் செய்து, பெயரும் வரிசை எண்ணும் பார்த்துப் பையில் போடுவார்கள். 12-ம் எண் இருக்க வேண்டிய பையில் 21 போய்விட்டால் உறை வாயில் ஏறவே ஏறாது. உலகிலேயே த்ரீ-டி பிரிண்டரை அதிகம் பயன்படுத்தும் நிறுவனங்களில் இதுவும் ஒன்று. சீனாவின் ஸியாங், போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரங்களிலும் இப்போது ஆலை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லட்சம் உறைகள் வரை செய்யும் திறன் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

உறை கழன்றதும் அச்சின் வேலை முடிந்தது. ஒருமுறைதான் உதவும், அப்புறம் கழிவு. உறையும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வாயில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். பளிச்சென்ற சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பிளாஸ்டிக் மலையைப் பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. அச்சே இல்லாமல் உறையை நேரடியாகப் பிரின்ட் செய்யும் வழியை நோக்கி அலைன் நிறுவனம் போகிறது. அதற்காக வியன்னாவின் ‘கியூபிக்யூர்’ நிறுவனத்தை வாங்கியிருக்கிறது. அது முழுதாக வந்துவிட்டால் கழிவு குறையும். அச்சிலிருந்து உறை எடுக்கும் வேலைகளும் குறையும்.

ஊரின் தெற்கிலும் கிழக்கிலும் விரியும் தொழிற்பேட்டைகளுக்கு விடியும் முன்பே பஸ்கள் கிளம்பிவிடும். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பழைய ஸ்கூல் பஸ்கள்தான் இங்கே தொழிலாளர்களை ஏற்றிக்கொள்கின்றன. மகிலாடோராக்கள் வந்த புதிதில் வேலைக்கு எடுத்ததெல்லாம் பெரும்பாலும் இளம்பெண்களை. 1993 முதல் இந்த ஊரில் பெண்கள் காணாமல் போவதும், பாலைவன ஓரங்களில் பிணமாகக் கிடைப்பதும் தொடர்ந்தன. அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள். பாலத்தின் மெக்ஸிகோ முனையில் ரோஸ் நிறப் பலகையில் ஆணிகள் அறைந்த ஒரு பெரிய சிலுவை நிற்கிறது. ‘இனி ஒருத்திகூட வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். பல் டாக்டரைத் தேடி அவசரமாக நடப்பவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2024-ல் மெக்ஸிகோவின் வட எல்லைப் பகுதியில் சட்டப்படியான குறைந்தபட்ச தினக்கூலி 374.89 பெசோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 டாலர். அமெரிக்காவில் ஒருவர் அலைனர் சிகிச்சை முடிக்க 3,000 முதல் 8,000 டாலர் வரை ஆகலாம். குறைந்தபட்சக் கூலிக்காரர் ஒருவர் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால், மலிவான சிகிச்சைக்கே 150 நாள் சம்பளம் வேண்டும்.

பல் நகர்கிறதா, தள்ளப்படுகிறதா?

இவ்வளவு தூரம் பயணம் செய்து வாய்க்குள் வரும் உறை அங்கே என்ன செய்கிறது? பல் எலும்பில் ஆணி மாதிரி அறையப்பட்டிருக்கவில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். உறை ஒரு பக்கம் அழுத்தும்போது, அந்தப் பக்கத்து எலும்பை உடம்பு மெதுவாகக் கரைக்கிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்க்கிறது. ஆக, உறை தள்ளத்தான் செய்யும், வழிவிடுவது எலும்பு. எலும்புக்கு அவசரம் தெரியாது. அதனால்தான் ஓர் உறையில் ஒரு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குமேல் நகர்த்தப் பார்ப்பதில்லை. அதனால்தான் நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்கச் சொல்கிறார்கள். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றலாம். கல்யாண வீட்டுக்குப் போகிறேன், ஆபீஸ் மீட்டிங் என்று நாலைந்து மணி நேரம் கழற்றி வைத்தால், பல் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடும். அடுத்த உறை இறுக்கும், அதற்கடுத்தது பொருந்தாது.

கழற்ற முடியும் என்பதுதான் இதன் பெருமை, அதுவேதான் இதன் பலவீனமும். க்ளிப்பை நினைத்தால் கழற்ற முடியாது. ஆகவே அது சோம்பேறிகளுக்கும் வேலை செய்யும்.

‘கண்ணுக்கே தெரியாது’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பல்லைப் பிடித்துத் திருப்ப உறைக்கு ஒரு பிடி வேண்டும். அதற்காகப் பல் நிறத்திலேயே சின்னச் சின்னப் புடைப்புகளைப் பல்லின் மேல் ஒட்டுவார்கள். ‘அட்டாச்மென்ட்’ என்று பெயர். உறையைக் கழற்றினால் அவை கன்னத்திலும் உதட்டிலும் உரசும். இடநெருக்கடி இருந்தால் பற்களுக்கு நடுவே உப்புத்தாள் மாதிரிப் பட்டையால் எனாமலைத் துளி தேய்த்து இடம் எடுப்பார்கள். அரை மில்லிமீட்டர்வரை போகலாம். இதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நடுவில் தெரியவந்தால் பலருக்குத் திடுக்கிடும்.

பெரியவர்களின் வாயில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. குழந்தைக்குத் தாடை வளர்ந்துகொண்டிருக்கும், அந்த வளர்ச்சியை டாக்டர் திருப்பிவிடலாம். நாற்பதில் தாடை வளர்ந்து முடிந்துவிட்டது. தாடையே முன்னே பின்னே இருந்தால் உறையால் ஒன்றும் ஆகாது; அறுவை சிகிச்சைதான். உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவதும், பல்லை ஈறிலிருந்து வெளியே இழுப்பதும், பல் பிடுங்கிய பெரிய இடைவெளியை மூடுவதும் உறைக்குக் கடினமான வேலைகள். ஈறில் நோய் இருந்து எலும்பு கரைந்திருந்தால், முதலில் அதைச் சரிசெய்யாமல் பல்லை நகர்த்துவது இருக்கிற பிடியையும் தளர்த்துவதாகும். நெருக்கமாகப் பின்னிக் கிடந்த கீழ்ப்பற்கள் நேரான பிறகு, ஈறு ஓரத்தில் சின்னக் கறுப்பு முக்கோண இடைவெளிகள் தெரிய ஆரம்பிக்கலாம். சிலருக்கு முடிவில் கடைவாய்ப் பற்கள் சரியாக ஒன்றையொன்று தொடுவதில்லை. முன்பல் அழகாகிவிடும், முறுக்கு கடிக்கத் தகராறு. இதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் அழகான வீடியோ காட்டாது. எக்ஸ்ரே பார்த்து, ஈறைத் தொட்டுப் பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

அந்த ஒருவரைத் தவிர்த்தால் செலவு குறையுமே என்று நினைத்தவர்களின் கதை ஹுவாரெஸுக்கு வடகிழக்கே, வெகுதூரத்தில் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில்லில் நடந்தது. அலைனின் முக்கியமான காப்புரிமைகள் 2017-ல் காலாவதியாக, சந்தையில் கூட்டம் கூடியது. அதில் பெரிதாக வளர்ந்தது, 2014-ல் தொடங்கிய ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’. வீட்டுக்கே மாவு மாதிரி ஒரு பசை வரும். நீங்களே பல்லைப் பதித்து அனுப்பலாம். தொலைவிலிருந்து டாக்டர் பார்ப்பார், உறைகள் கொரியரில் வரும். இருபது லட்சம் பேருக்குமேல் வாடிக்கையாளர்கள். பல் டாக்டர்கள் சங்கங்கள் சண்டைக்கு வந்தன. எலும்பின் படத்தைப் பார்க்காமல் பல்லை நகர்த்தக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019-ல் சட்டமே போட்டது. அதே ஆண்டு அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டது. டிசம்பரில் ஒரேயடியாக மூடியது. பாதி வழியில் இருந்தவர்களுக்கு அடுத்த உறை வராது. ஆயுள் முழுக்கத் தந்த கேரன்டியும் செல்லாது. ஆனால் தவணையில் வாங்கியவர்கள் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 14-ம் எண் உறையோடு நின்றுபோன ஒருவர் 15-க்கு எங்கே போவார்? புதிய டாக்டரிடம் போனால் முதலிலிருந்து ஸ்கேன், முதலிலிருந்து செலவு.

ஹுவாரெஸ் அவென்யூவின் நெரிசலான பல் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அங்கே டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பாலம் தாண்டி வரும் பயணிகளும் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. பல் பிடுங்குவது ஒரு நாள் வேலை; பல்லை நேராக்குவது ஒன்றரை, இரண்டு வருட உறவு. எல் பாசோக்காரர் அடுத்த மாதமும் நடந்து வருவார். டென்வரிலிருந்து காரில் வந்தவர் நடுவில் அட்டாச்மென்ட் ஒன்று விழுந்தால் என்ன செய்வார்?

நம்மூரில் இந்தச் சிகிச்சை லட்சத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். கொஞ்சம் தூக்கலாக நிற்கும் தெத்துப்பல்லை அதிர்ஷ்டம் என்று பாட்டிகள் சொன்ன ஊரும் நம்முடையதுதான். ஜப்பானிலும் ‘யாயெபா’ என்று அதை அழகாக நினைப்பார்கள். பல் தேய்க்க முடியாத நெருக்கமோ கடிக்க முடியாத கோணலோ இல்லாமல், செல்ஃபியில் மட்டும் உறுத்தும் பல் என்றால், அதை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

நேராக்கப்பட்ட ஆறு

பாலத்தடி ஆற்றுக்கு மறுபடி வரலாம். அதன் நேர்க்கோடும் இயற்கையானதல்ல. ரியோ கிராண்டே இந்தச் சமவெளியில் பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து, வெள்ளம் வந்தபோதெல்லாம் இடம் மாறும் ஆறு. 1864 வெள்ளத்தில் அது தெற்கே நகர்ந்து, மெக்ஸிகோவின் நிலத்தில் ஒரு துண்டு அமெரிக்கப் பக்கம் போய்விட்டது. ஆறுதான் எல்லை, ஆறு நகர்ந்தால் எல்லையும் நகருமா? ‘சமிசால்’ தகராறு என்று நூறு வருடம் இழுத்தது. 1933-ல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, ஊருக்குக் கீழே சுமார் 250 கிலோமீட்டர் வளைந்து ஓடிய ஆற்றை 140 கிலோமீட்டர் அளவுக்கு வெட்டி நேராக்கின. சமிசால் தகராறு 1963 ஒப்பந்தத்தில் முடிந்தது. எல் பாசோ பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். 1968-ல் இரு நாட்டு ஜனாதிபதிகளும் வந்து நின்று, ஆற்றைப் புது சிமென்ட் வாய்க்காலில் திருப்பிவிட்டார்கள்.

அதோடு ஆறு அடங்கிவிட்டதா என்றால் இல்லை. வண்டல் சேரும், மேடு தட்டும், கரையை அரிக்கும். எல்லை நீர் ஆணையம் இன்றும் தூர் வாரிக்கொண்டேதான் இருக்கிறது.

பல் டாக்டர்கள் ‘ரிடெய்னர்’ பற்றிச் சொல்வதும் இதே சங்கதிதான். கடைசி உறையைக் கழற்றிய அன்று சிகிச்சை முடிந்ததாக நினைத்தால், ஈறின் நார்கள் பழைய இடத்தை ஞாபகம் வைத்திருந்து பல்லைத் திருப்பி இழுக்கும். முதல் சில மாதங்கள் பெரும்பாலான நேரமும், அதன்பிறகு இரவுகளிலும் ரிடெய்னர் மாட்ட வேண்டும். எவ்வளவு காலம்? பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கும் காலம் வரை. அது தேயும், உடையும், புதிது வாங்க வேண்டும். அந்தச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

மாலையில் எல் பாசோ திரும்பும் வரிசை நீளமாகிவிடும். நடந்து போகிறவர்களே மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கலாம். அதனால் பல் டாக்டரிடம் வருகிறவர்கள் காலையிலேயே வந்து மதியத்துக்குள் திரும்பப் பார்ப்பது நல்லது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பர்ரிட்டோ சாப்பிடாமல் யாரும் போவதில்லை. மெல்லிய கோதுமை ரொட்டியில் கறியோ பீன்ஸோ மிளகாயோ வைத்துச் சுருட்டித் தருவார்கள். ஹுவாரெஸ்காரர்கள் இது தங்கள் ஊர்ப் பண்டம் என்று சத்தியம் செய்வார்கள். உறையோடு அதைச் சாப்பிட முடியாது. சூடான காபிகூடக் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மிளகாய்ச் சாறும் நம்மூர் மஞ்சள்தூளும் உறையில் பட்டால் கறை போகவே போகாது. அதைவிட, புது உறை மாட்டிய முதல் இரண்டு நாள் பல் கூசிக்கொண்டே இருக்கும். ரொட்டியைக் கடிப்பதே வேதனை. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பர்ரிட்டோவை முதலில் முடித்துவிட்டு, பிறகுதான் டாக்டர் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள்.